பாதி அறுத்த மரம்

என் கட்டிலுக்குக் கீழே மூன்று செயின்சோக்கள் இருக்கின்றன. மரம் அறுக்கும் மெஷின்கள். மூன்றும் என்னைவிட வயதில் மூத்தவை. வரிசை வீடுகளான இந்த லயத்தில் மற்றப் பெண்கள் கட்டிலுக்குக் கீழே பழைய சூட்கேசும் வெங்காயக் கூடையும் வைத்திருப்பார்கள். எனக்கு வாய்த்தது இது. மெஷினுக்குப் பொலிசில் பதிந்த துண்டும் இப்போது என் பெயரில்தான் இருக்கிறது. பதியப் போன அன்று அங்கிருந்த பொலிஸ்காரர் என்னையும் பாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாத்தயா, அதாவது வீட்டுக்காரர், எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். செத்துப்போய்விட்டார் என்றேன். முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டார்.

போன மாதம் கண்டியிலிருந்து ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். பழைய மெஷின்களை வாங்கித் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைப்பது அவருக்குப் பொழுதுபோக்காம். என் வாசலில் சாக்கை விரித்து மூன்றையும் எடுத்து வைத்தேன். முதலாவது, இரண்டு ஆள் பிடிக்க வேண்டிய பெரிய மெஷின்; ஒரு காலத்தில் சிவப்பாக இருந்ததற்கு அடையாளமாக மூலையில் கொஞ்சம் பெயின்ட் மிச்சம். இரண்டாவது வெறும் கூடு. அதன் உள்ளுறுப்புகளை எல்லாம் மூன்றாவதற்காகக் கழற்றி எடுத்தாயிற்று. மூன்றாவதுதான் வேலை செய்கிற மெஷின், சாம்பல் நிறம். என் வீட்டுக்காரர் அதைக் கொட்டகலை பஜாரில் ஒரு ஹாட்வெயார் கடையின் பின்பக்கத்தில், மழையில் நனைந்துகொண்டிருந்த இடத்தில் கண்டெடுத்தார். வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பிரேக்கே இல்லையேம்மா, எவ்வளவு ஆபத்து தெரியுமா?" என்றார். எனக்குச் சொல்கிறார். இரண்டு பிளேன்டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார்.

ஏன் கொடுக்கவில்லை என்று மகன் கொழும்பிலிருந்து போனில் சத்தம் போட்டான். கொடுத்தால் யாராவது அதைப் பொட்டு வைத்துப் பூசையில் வைப்பார்கள் என்று எனக்குப் பயம். அதை அவனுக்கு விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை. இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் வட்டகொடைக்கு மேலே இருக்கிறது. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி என்றாலும் சுற்றுவட்டாரத்தில் மரம் அறுப்பதென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் கொழுந்து எடுக்கிறவள். மூன்று மலை தள்ளி நின்றாலும் அந்தச் சாம்பல் மெஷினின் சத்தம் எனக்குத் தெரியும். சும்மா ஓடுகிறதா, மரத்துக்குள் இருக்கிறதா என்பதும் தெரியும். மரத்துக்குள் இருக்கும்போது குரல் கனத்து அடங்கும். பிறகு சத்தம் நிற்கும். அதன் பின் ஒரு முறிவுச் சத்தம், அப்புறம் மலை அதிர ஒரு விழுகை. நிற்பதற்கும் விழுவதற்கும் நடுவில் என் கை கொழுந்துக்குப் போகாது. பக்கத்துத் தேயிலை நிரைக்காரிகள் கேலி செய்வார்கள். "மரம் சாஞ்சிருச்சு புள்ள, ஒம் புருசன் நல்லாத்தான் இருக்காரு, கொழுந்த எடு" என்பார்கள். நானும் சிரிப்பேன்.

புது மெஷின்களில் முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு இருக்கும். வாள் துள்ளி முகத்துக்கு வந்தால் சங்கிலி அங்கேயே நின்றுவிடும். அவருடையதில் அது கிடையாது. ஒருமுறை துள்ளியதில் அவர் தோள்பட்டைச் சட்டை, தையற்காரன் வெட்டியதுபோல நேராகப் பிளந்திருந்தது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தச் சட்டையை அவர் தைத்துப் போட்டுக்கொண்டார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அந்த மெஷினை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியும் திட்டியும் பார்த்துவிட்டேன். "அது என்னய ஒண்ணும் செய்யாது" என்பார்.

எங்கள் லயத்துக்கு மேலே, மண்மேட்டின் விளிம்பில் ஒரு டர்பன்டைன் மரம் நின்றது. தைல மரத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். நான்கு பேர் கைகோத்தாலும் பிடிக்க முடியாத பருமன். அடியில் ஒரு கல்லும் சூலமும் இருந்தன, முனியாண்டி சாமி. அந்த வருஷத்து மழையில் மேட்டு மண் கரைந்து மரத்தின் வேர் ஒரு பக்கம் வெளியே தெரிந்தது. மரம் லயத்தின் பக்கம் சாய ஆரம்பித்தது. நேராகக் கீழே இருந்தது லயத்தின் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை வீடு.

அந்தக் காம்பராவில் இருந்தவள் என் சிநேகிதி. நானும் அவளும் ஒரே மாதத்தில் கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்தவர்கள். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவதும் கொழுந்து எடுப்பதும் தண்ணீர் பிடிப்பதும் ஒன்றாகத்தான். அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்குத்தான் முகம் காட்டுவார். மகளை நானுஓயாவில் கட்டிக் கொடுத்துவிட்டாள். தனியாகத்தான் இருந்தாள். மரம் சாயத் தொடங்கியதும் தோட்டத்தை நடத்தும் துரை அவளைக் காம்பராவை விட்டுப் போகச் சொன்னார். அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாள்.

மரத்தை வெட்டத் துரை கடிதம் கொடுத்தார். கடிதம் போதுமா? முனியிடமும் கேட்க வேண்டுமே. பூசாரி சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துக் கல்லின் முன்னால் போட்டார். ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது. சாமி சம்மதித்துவிட்டார் என்று கல்லையும் சூலத்தையும் வேறொரு மரத்தடிக்கு மாற்றினார்கள். வெட்டு, சரஸ்வதி பூசைக்கு மறுநாள் என்று முடிவானது. பூசையில் வைத்த ஆயுதத்தை முதலில் தொடுகிற நாள், கை நன்றாக ஓடும் என்பது நம்பிக்கை.

பூசைக்கு மெஷினைத் துடைத்து வைத்தது நான்தான். எப்போதுமே நான்தான். பழைய பல் பிரஷையும் மண்ணெண்ணெயையும் வைத்துக்கொண்டு, அவர் வேலை முடிந்து வரும் நாட்களில் எல்லாம் தூசும் பிசினும் போகத் தேய்ப்பேன். அந்த வருஷம் எனக்குப் பயம் அதிகம். அதனால் சந்தனத்தையும் தாராளமாகக் குழைத்தேன். கைப்பிடியில் ஒன்று, மோட்டார் மூடியில் ஒன்று, பெட்ரோல் டாங்கி மூடியில் ஒன்று. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். என் புருஷனைப் பத்திரமாகத் திருப்பித் தா என்று மெஷினைக் கும்பிட்டேன்.

மறுநாள் காலையில் லயத்தை முழுதாகக் காலி செய்துவிட்டு எல்லாரும் ரோட்டில் நின்றோம். மரத்தைத் தேயிலை மலைப் பக்கமாக விழுத்தக் கம்பிக்கயிறு கட்டியிருந்தார்கள். மரம் விழ வேண்டிய பக்கத்தில் அவர் முதலில் வாய்போல ஒரு வெட்டு வெட்டினார். பிறகு பின்பக்கம் போய் அறுக்க ஆரம்பித்தார், வாள் சிக்காமல் இருக்க மர ஆப்புகளை அடித்துக்கொண்டே. பாதி போகும்போது மெஷின் நின்றது. அவர் டாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு இழுத்தார், ஓடியது. சில நிமிஷத்தில் மறுபடியும் நின்றது. மறுபடியும் திறந்து பார்த்தார், இருந்தது, இழுத்தார், ஓடியது. மூன்றாம் தடவை நின்றபோது கூட்டத்தில் யாரோ, "வேணாங்க, விட்டுருங்க. முனிக்கு இஷ்டமில்ல" என்றார்கள். என் வீட்டுக்காரர் மெஷினைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வேறு எந்த மரமாக இருந்தாலும் இரண்டு நிமிஷத்தில் கோளாறைக் கண்டுபிடித்திருப்பார். அன்று அவர் தேடவே இல்லை.

மரம் பாதி அறுபட்டு அப்படியே நின்றது. சாயங்காலமே கல்லையும் சூலத்தையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மெஷினைத் துடைக்க எடுத்தேன். டாங்கி மூடியைத் திருகியபோது 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. அந்த மூடியின் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு துவாரம் உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டாங்கி இறுகிப்போய் பெட்ரோல் வராது, மெஷின் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் காற்று போகும், கொஞ்ச நேரம் ஓடும், திரும்ப நிற்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துவாரம் முழுக்கச் சந்தனம், காய்ந்து கல்லாகி இருந்தது. ஊக்கால் குத்தினேன். மஞ்சள் தூளாக உதிர்ந்தது. நிறுத்தியது முனி என்று தோட்டமே கும்பிட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தியது என் மோதிர விரல்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் மெஷினைத் துணி போட்டு மூடி மூலையில் வைத்துவிட்டார். கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு தோட்டத்தில் புல்லு வெட்டப் போனார். "முனி என்னய விட்டுட்டாரு. அது போதும். இனிமே இதத் தொடமாட்டேன்" என்றார். எத்தனை வருஷமாக நான் கேட்ட வார்த்தை அது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். கொழுந்து மலையில் காதை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

அதற்குள் என் சிநேகிதி மூட்டையோடு திரும்பி வந்துவிட்டாள். சாமியே மெஷினை நிறுத்திவிட்டார், மரம் விழாது, பிறகு எதற்கு மகள் வீட்டில் மருமகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்றாள். காலையிலும் மாலையிலும் மரத்தடியைக் கூட்டி விளக்கு வைத்தாள். அறுத்த வாயில் மழைத் தண்ணீர் இறங்கி மரத்தூள் கறுத்துப் போயிருந்தது. காற்று வீசினால் உள்ளுக்குள்ளே எங்கேயோ ஒரு முனகல் கேட்கும். அவளுக்கு அது சாமி பேசுவதுபோல் இருந்ததாம்.

ஒன்பதாவது நாள், அவள் காம்பராவுக்குப் பின்னால் தண்ணீர்க் கானில் ஒரு ஆப்பு கிடந்தது. பாதி அறுத்த வெட்டுக்குள் அவர் அடித்து வைத்ததுதான். மரம் அசைந்து அதைத் துப்பியிருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். நேரே அவள் அடுப்படிக்குப் போனேன்.

"ஏ புள்ள, சாமி ஒண்ணும் நிறுத்தல. மூடி ஓட்டையில நான் வச்ச சந்தனம் அடைச்சிருச்சு. அதான் மெஷின் நின்னுச்சு."

அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"ஒன்னய அந்த எடத்துல சந்தனத்த வைக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. நானாத்தான் வச்சேன்."

"நீயா வைக்கல. அவரு வைக்க வச்சாரு" என்றாள். மாவை எடுத்து அடுத்த ரொட்டியைத் தட்ட ஆரம்பித்தாள்.

எரிச்சலோடு வெளியே வந்தேன். மரத்தை விழுத்தாமல் அவளைக் காப்பாற்ற வழி இல்லை. விழுத்துவதென்றால் பாதி அறுபட்டு ஆடிக்கொண்டிருக்கும் மரத்துக்குக் கீழே என் வீட்டுக்காரர் போக வேண்டும். முழு மரத்தைவிட அது பத்து மடங்கு மோசம் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்தது என்ன, அழுதேன். பிறகு அவர் வந்ததும் ஆப்பையும் டாங்கி மூடியையும் அவர் முன்னால் வைத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மூடியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். "எத்தன நாளா தெரியும்?" என்றார்.

"ஆறு நாளாச்சுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டார். "ஆப்பு எத்தன விழுந்திருக்கு?"

"ஒண்ணுதாங்க பாத்தேன்."

"அப்ப நாளைக்கே போகணும்" என்றார். அன்று அவர் சாப்பிட்டது இரண்டு வாய்.

மறுநாள் ஒருவரும் உதவிக்கு வரவில்லை. தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்து, செய்வது பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார். பூசாரி வரவே இல்லை. துரையின் கடிதம் இருந்ததால் தடுக்கவும் முடியவில்லை. கல்லையும் சூலத்தையும் நானே தூக்கி மாற்றினேன். லயத்து ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே ரோட்டுக்குப் போனார்கள். என் சிநேகிதி மட்டும் காம்பராவை விட்டு வரவில்லை. உள்ளே கொண்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இருக்கும்வரை மெஷினைத் தொட மாட்டேன் என்று அவர் மேட்டில் நின்றார். காற்று கிளம்பிக்கொண்டிருந்தது. நான் கதவை உதைத்தேன். பழைய கொண்டி, தெறித்துவிட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கடித்தாள், நான் அறைந்தேன். தலைமுடியைப் பிடித்துத்தான் ரோடுவரை கொண்டுவந்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

மெஷின் ஒரே இழுப்பில் பிடித்தது. சத்தம் மரத்துக்குள் போய் அடங்கியது. நான் அவளை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் நின்றது. முறிவு கேட்டது. பிறகு நிலம் அதிர்ந்தது. கண்ணைத் திறந்தபோது மரம் தேயிலைக்குள் கிடந்தது. அவர் மேட்டில் நின்றுகொண்டு மெஷினைத் தோளில் மாற்றிக்கொண்டிருந்தார்.

அவள் என் கையை உதறினாள். "இனிமே எங்கூடப் பேசாத" என்றாள். பேசவில்லை. மூன்று வருஷம் பேசவில்லை. ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தோம், ஒரே நிரையில் கொழுந்து எடுத்தோம். நான் பக்கத்தில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மரம் விழுந்ததற்கு அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். லயத்தில் முனி அடித்துவிட்டார் என்றார்கள், என் காதுபடவே. அவர் இரத்த அழுத்தத்துக்குக் குளிசை போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பேச்சு என்னைத் தின்றது. சவத்துக்கு அவளும் வந்தாள். பின்னால் நின்றாள், போய்விட்டாள்.

இப்போது அந்த மேட்டில் அடிக்கட்டை உளுத்துவிட்டது. குச்சியால் குத்தினால் உள்ளே போகிறது. போன வருஷத்து மழையில் அதைச் சுற்றி மண்ணில் ஒரு வெடிப்பு விழுந்தது. ஆரம்பத்தில் என் விரல் போகும் அளவு. இப்போது கை போகிறது. மண்சரிவு அதிகாரிகள் வந்து அளந்து, குச்சி நட்டு, சிவப்பு நாடா கட்டினார்கள். மரத்து வேர்தான் இத்தனை காலம் மேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது, வேர் செத்ததும் மண் விட்டுவிட்டது என்று ஒருவர் சிங்களத்தில் சொன்னார். புரியாதமாதிரி நின்றேன். பெரிய மழை பிடித்தால் லயத்து ஆட்கள் எல்லாரும் ஸ்கூலுக்குப் போய்விட வேண்டும், கடைசிக் காம்பரா முதலில் என்று உத்தரவு.

எல்லாரும் போனார்கள். அவள் போகவில்லை. தலைவர் கெஞ்சினார், மகள் வந்து அழுதாள். "மரத்த வெட்டுனப்பவே முடிஞ்சுபோச்சு. எங்க போனா என்ன?" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போன வாரம் மத்தியானம் மழை கொட்டியது. ஆட்கள் மூட்டையோடு ஸ்கூலுக்கு ஏறினார்கள். நான் என் பையை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போய் உட்கார்ந்தேன். மேட்டிலிருந்து மஞ்சள் தண்ணீர் கானை நிரப்பி இஸ்தோப்புத் திண்ணைவரை வந்தது. சின்னச் சின்னக் கல் உருண்டு தகரத்தில் பட்டது. முதுகு முழுக்கப் பயம். அவள் சன்னல் வழியாகப் பார்த்தாள், போனாள், திரும்ப வந்து பார்த்தாள். பிறகு கதவு திறந்தது.

"நீ ஏன் அன்னிக்குச் சொன்ன? சொல்லாம இருந்திருக்கலாம்ல."

மூன்று வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல். "சொல்லலன்னா ஒந் தலமேல விழுந்திருக்கும்" என்றேன்.

"விழுந்திருந்தா சாமி எடுத்துக்கிட்டாருன்னு போயிருப்பேன். இப்ப மேடு விழுந்தா நீ எடுத்ததால்ல ஆகும்."

அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். "நீ வராம நான் எந்திரிக்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள், சன்னலைச் சாத்தினாள். கடைசியில் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, என்னைப் பார்க்காமலே படியில் ஏறினாள். நான் பின்னால் நடந்தேன். ஸ்கூலில் அவள் ஒரு மூலை, நான் ஒரு மூலை.

மேடு அன்று விழவில்லை. காலையில் அவள் காம்பராவுக்குத் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மழை வந்தாயிற்று. இரண்டு தடவையும் நான் போய் உட்கார்ந்தேன், இரண்டு தடவையும் அவள் எழுந்து வந்தாள். வேறு யார் போய்க் கூப்பிட்டாலும் அவள் வர மாட்டாள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இப்போது என்னைத் தூரத்து மலையில் கொழுந்துக்குப் போட்டிருக்கிறார்கள். மழை பிடித்ததும் அங்கிருந்து லயத்துக்கு ஓடி வந்தாலும் முக்கால் மணி நேரமாகும்.